டேங்க் பளபளக்கிறது, சீல் காய்ந்து கிடக்கிறது: பழைய டர்ட் பைக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் வந்ததும் மண்பாதைப் பந்தயத்துக்கான பழைய டர்ட் பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஷெட்டுக்குள் புகுந்துவிடுவார்கள். பந்தயம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் 1970-களில் வந்த ஒரு டூ ஸ்ட்ரோக் பைக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் திரும்பக் கோத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன வாரம் ஒரு தம்பி தன் பைக்கைக் காட்டினான். டேங்கில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"இன்ஜின் புதுசு மாதிரி ஆயிடுச்சுண்ணே. புது பிஸ்டன், புது ரிங், சிலிண்டரைக் கடைந்து போர் போட்டாச்சு."

"கிராங்க் சீல்?"

"பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

கிராங்க் என்ற சுழலும் தண்டு இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கழற்றும்போது போட்டோ எடுங்கள், போல்ட்டை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரஷர் டெஸ்ட் செய்யாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் ஒழுகினால் தரையில் ஆயில் சொட்டும், துடைத்துவிட்டுப் போகலாம். டூ ஸ்ட்ரோக்கில் கதையே வேறு. அதில் கிராங்க் சுழலும் மூடிய கூடான கிராங்க்கேஸ்தான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்றை இழுக்கிறது. பிஸ்டன் கீழே வரும்போது அதே கலவை அழுந்தி சிலிண்டருக்குள் ஏறுகிறது. அந்தக் கேஸில் எங்காவது ஒரு ஊசிமுனை ஓட்டை இருந்தால் அது வழியாகவும் காற்று வரும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இருக்காது, ஆயிலும் இருக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகும், சூடு ஏறும், அதே நேரத்தில் உயவும் குறையும். அலுமினிய பிஸ்டன், சிலிண்டரின் உள் உறையான வார்ப்பிரும்பு லைனரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், அப்புறம் பிஸ்டன் அதற்குள் இறுகிப் பூட்டிக்கொள்ளும்.

கிராங்க்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சீல். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபடும், வெள்ளைப் புகை கக்கும், ஆயில் அளவு குறையும். அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் சக்கரமான மேக்னெட் இருக்கும் பக்கத்து சீல்தான் கள்ளன். அந்தப் பக்கம் ஆயிலே கிடையாது, வெறும் காற்றுதான், அதனால் புகை வராது. ஒரே ஒரு அடையாளம் உண்டு: த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) முறுக்கி விட்டால் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது த்ராட்டில் மூடிய மெதுவான ஓட்டத்துக்கு, இறங்காமல் உயரத்திலேயே நின்று இழுக்கும்.

என் பைக்கும் அப்படித்தான் இழுத்தது. நான் என்ன செய்தேன்? கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்றினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நல்ல காப்பிப்பொடி நிறம். ஆகா, சரி செய்துவிட்டோம் என்று நினைத்தேன். மெயின் ஜெட் வேலை செய்வது த்ராட்டில் முக்கால்வாசிக்கு மேல் திறந்திருக்கும்போதுதான். பந்தயத்தில் நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் த்ராட்டிலை மூடுகிறோம். அப்போது கார்புரேட்டர் வழியாக வரும் கலவை ஏறக்குறைய நின்றுவிடும். ஓட்டை வழியாக வரும் காற்று நிற்காது. இன்ஜினோ இன்னும் அதிவேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மூன்றாவது சுற்றில், சரியாக அந்த இடத்தில், பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடிக்க விரல் போவதற்குள் நான் மண்ணில் கிடந்தேன்.

கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் எக்சாஸ்ட் பக்கம் முழுக்க ஈயம் பூசியதுபோல இழுபட்டிருந்தது. ரிங் பள்ளத்திலேயே அப்பிக்கொண்டுவிட்டது. லைனரில் நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்குக் கோடு. புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் இன்னொரு ஓவர்சைஸுக்கு, அதாவது இன்னும் பெரிய பிஸ்டன் அளவுக்கு, போனது, அந்தப் பருவமும் போனது. மேக்னெட்டை இழுத்துவிட்டு சீலைப் பார்த்தேன். வெளியே பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. உள்விளிம்பை விரலால் தடவினால் ரப்பராக இல்லை, காய்ந்த நகம் மாதிரி விறைத்திருந்தது. வருடக்கணக்கில் நின்ற பைக்கில் சீல் அப்படித்தான் ஆகும். கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. நின்ற பைக் என்றால் இரண்டு சீலையும் மாற்றுங்கள், அவ்வளவுதான். பல இன்ஜின்களில் மேக்னெட் பக்கத்து சீலைக் கேஸைப் பிரிக்காமலே மாற்றலாம். சிலவற்றில் உள்பக்கமாகப் பிடித்திருக்கும், பிரித்தே ஆக வேண்டும். ஷாஃப்ட்டில் உள்ள சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப்பைச் சுற்றி, விளிம்பில் கிரீஸ் தடவி நுழைத்தால் புதிய சீல் கிழியாது.

மாற்றினாலும் சோதிக்க வேண்டும். எக்சாஸ்டை ஒரு ரப்பர் அடைப்பால் மூடுங்கள். கார்புரேட்டர் மாட்டுகிற ரப்பர் வழியாகக் காற்றடியுங்கள். பிளக் துளை வழியாக அடித்தால், ரீட் வால்வு (கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் மெல்லிய தகடு) உள்ள இன்ஜினில் ரீட் மூடிக்கொண்டு, அதற்கு வெளியே விரிசல் விட்டிருக்கும் ரப்பர் தப்பித்துவிடும். 6 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும். அதற்கு மேல் வீரம் காட்டினால் சீலே வெளியே பிதுங்கும். 6 நிமிடம் காத்திருங்கள். 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்புத் தண்ணீரைச் சிலிண்டர் அடி கேஸ்கெட், கேஸ் இணைப்பு, மேக்னெட் பக்கத்து சீல் எல்லாவற்றிலும் தடவுங்கள். கிளட்ச் பக்கத்து சீல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கியர்பாக்ஸின் காற்றோட்டக் குழாயைத் தண்ணீர் டம்ளருக்குள் விடுங்கள். குமிழி வந்தால் சீல் போயிருக்கிறது. சைக்கிள் பம்ப், குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு கேஜ், இரண்டு ரப்பர் துண்டு. மொத்தக் கருவியும் இவ்வளவுதான். இதற்குச் சோம்பல்பட்டு இன்ஜினைப் பலி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அந்தத் தம்பி? "ஐடில் கொஞ்சம் இழுக்குதுண்ணே, ஜெட் ஏத்திட்டேன், இப்போ சரியாயிடுச்சு" என்றான். பைக்கை அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

பெயின்டை முதலில் அடிப்பது

பிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போட்டால் விரிசலும் அதற்குள் புதைந்துவிடும். ஃபுட்பெக் பிடிக்கிற இடம், ஸ்டீயரிங் தலை, ஸ்விங்ஆர்ம் பிவட், இந்த மூன்றின் வெல்டிங்கையும் வெறும் இரும்பாக இருக்கும்போதே பாருங்கள். அனுப்புவதற்கு முன் மரைகளையும் பேரிங் உட்காரும் இடங்களையும் அடைக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொல்ல மறந்து, ஸ்டீயரிங் பேரிங் கிண்ணம் உட்காரும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பிரேம் எண்ணும் அந்தக் கோட்டிங்கில் தெரியாமல் போகக்கூடாது.

இன்ஜின் கேஸைப் பளபளப்பாக்க மணல் அடிப்பவர்களும் உண்டு. ஆயில் துளைக்குள் தங்கிவிடும் இரண்டு மணல் துகள் போதும், புது பேரிங்கைத் தின்றுவிடும்.

ஸ்டார் ஸ்க்ரூ

ஜப்பான் பைக்குகளில் இருப்பது நாம் நினைக்கிற பிலிப்ஸ் திருகு இல்லை. ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் முனையை வாங்கி, சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் மாட்டுங்கள். இது தெரியாமல் நான் துளைபோட்டு எடுத்த திருகுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

மேக்னெட்டைச் சுத்தியால் தட்டுவது

இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வாங்குங்கள்.

டேங்க் என்ன உலோகம் என்று பார்க்காமல் கழுவுவது

இரும்பு டேங்கைக் கழுவச் செய்கிற வைத்தியத்தை எல்லா டேங்குக்கும் செய்யாதீர்கள். 1973-இல் வந்த ஹோண்டா சிஆர்250எம் எல்சினோரின் டேங்க் அலுமினியம். அதில் காஸ்டிக் சோடா ஊற்றினால் டேங்கையே அரித்துவிடும். அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோலே எதிரி. உள்ளே ரெசின் இளகி, கோந்து மாதிரி கார்புரேட்டருக்கு இறங்கும்.

பழைய பிரேக் ஷூ

லைனிங் தடிமனாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒட்டிய பசை பழசு. ஓடும்போது லைனிங் கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் பூட்டும்.

பிஸ்டன் பின் சர்க்ளிப்

பின்னை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம் இது. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறைகூட.

வகுப்பு விதியைப் படிக்காமல் மேம்படுத்துவது

முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள ஃபோர்க் கிடைத்தது, மாட்டினேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவர் ஓட நினைத்தது பழைய பைக் பந்தயத்தின் எவோ வகுப்பு. காற்றில் குளிரும் இன்ஜின், டிரம் பிரேக், லிங்கேஜ் (இடையில் வரும் நெம்பு இணைப்பு) இல்லாத பின் சஸ்பென்ஷன் என்பதுதான் அதன் அடிப்படையே. சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழற்றிய பழைய ஃபோர்க்கை அவர் அதற்குள் விற்றும் விட்டார்.

லேத்துக்குக் கடைசியில் போவது

பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது எல்லோருடைய சிலிண்டரும் ஒரே லேத் வாசலில் நிற்கும். அதனால் பைக்கைப் பிரித்ததும் நான் முதலில் கொண்டுபோவது சிலிண்டரைத்தான். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து, மேனுவலில் உள்ள இடைவெளிக்குப் போர் போடச் சொல்வேன். லைனர் இரும்பா, நிக்கசில் என்ற கடினமான நிக்கல் பூச்சா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு சிலிண்டரை ஓவர்சைஸுக்குப் போர் போட முடியாது, திரும்பப் பூசத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகளான போர்ட்டுகளின் விளிம்புகளை விரலால் தடவிப் பார்ப்பேன். கத்தி மாதிரி இருந்தால் சரிவு எடுக்கவில்லை என்று அர்த்தம், ரிங் அதில் மாட்டி உடையும். போன தடவை விரல் வெட்டுப்பட்டது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுபோனேன்.