ஊட்டிக் குளிரில் பழைய மாருதி 800: எந்த ஆயில் ஊற்றலாம்?

எங்கள் 800, 1999 மாடல். மார்கழியில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் திணறும். ஸ்டார்ட் ஆன பிறகும் சிவப்பு ஆயில் விளக்கு உடனே அணையாது. இன்ஜினின் மேலே, வால்வுப் பக்கம், ‘டக் டக்’ என்று டாப்பெட் சத்தம் வேறு. “பழைய இன்ஜினுக்குக் கட்டி ஆயில்தான்” என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். இரண்டு குளிர்காலம் அப்படியே ஓட்டினேன்.

படி 1. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று போட்டிருக்கும். அதில் உங்கள் ஊரின் குளிரைப் பாருங்கள்.

படி 2. டப்பாவில் உள்ள இரண்டு எண்களையும் தனித்தனியாகப் படியுங்கள். நான் தவறியது இங்கேதான். 20டபிள்யூ-50 என்றால் குளிரில் 20 ஆக இருந்து சூட்டில் 50 ஆகக் கட்டியாகும் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். எந்த ஆயிலும் குளிர்ந்தால் கட்டியாகும், சூடானால் இளகும். ‘டபிள்யூ’வோடு வரும் முதல் எண் குளிருக்கானது, அது குறையக் குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். இரண்டாவது எண், 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டித்தன்மை மிஞ்சுகிறது என்பதைச் சொல்கிறது.

பழைய இன்ஜின் தேய்ந்திருந்தால் கூட்ட வேண்டியது இரண்டாவது எண்ணை மட்டும். முதல் எண்ணைக் கூட்டுவதால் தேய்ந்த இன்ஜினுக்கு ஒரு நன்மையும் இல்லை. விடிகாலையில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராதவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஏறக்குறைய 4 டிகிரி, ஊட்டிக் காலை மாதிரிதான். 20டபிள்யூ-50 ஒரு மூடிபோட்ட பாட்டிலிலும் 15டபிள்யூ-40 இன்னொன்றிலும் இரவு வைத்து, காலையில் சேர்த்துச் சாய்த்தேன். இரண்டாவது ஓடி வந்துவிட்டது. முதலாவது வெல்லப்பாகு போல மெல்ல நகர்ந்தது.

தர அளவுப்படி 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியில்தான் ஸ்டார்ட்டிங் சோதனை. ஊட்டி அவ்வளவு இறங்காது, அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் பேட்டரியும் பழசு என்றால் அந்தத் திணறல் நன்றாகவே தெரியும்.

படி 3. இரண்டாவது எண் 40-ஆ 50-ஆ? நீலப்புகை வருகிறதா, அடிக்கடி டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 40 போதும். மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் ஓட்டினாலும் தாங்கும். நான் 15டபிள்யூ-40-இல் நின்றுவிட்டேன்; மலையில் இருக்கும் பழைய பெட்ரோல் கார்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். டப்பாவில் ஆயிலின் தரத்தைக் குறிக்கும் ஏபிஐ எழுத்துகள் எஸ்எல் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

படி 4. இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது பழைய ஆயிலை இறக்குங்கள். ஆயில் இறங்கும் துளையை மூடியிருக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பானர்தான். அட்ஜஸ்டபிள் ஸ்பானரைத் தொடவே வேண்டாம், போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். வாஷர் புதிது போடுங்கள். பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழையது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய பில்டரை முறுக்கினால் ஆயில் மொத்தமும் வெளியே கொட்டிவிடும்.

மாற்றிய மறுநாள் காலை, ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

பிற்சேர்க்கை: பைக் ஆயில் மீதி இருக்கிறது, காரில் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அது கிளட்ச்சும் ஆயிலில் நனையும் வண்டிகளுக்காகச் செய்தது. டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் ஏபிஐ எழுத்துகளில் ‘சி’யில் தொடங்குவதைப் பாருங்கள்.

ஜனவரியில் லடாக்கின் லே போகிறேன், 15டபிள்யூ போதுமா என்று இன்னொருவர். அங்கே இரவில் மைனஸ் 15-க்கும் கீழே போகும். புத்தகம் அனுமதித்தால் கிளம்புவதற்கு முன்பே 5டபிள்யூ-40 மாற்றிவிடுங்கள். பேட்டரியையும் ஒரு தடவை சோதித்துவிட்டுப் போங்கள்.