விரலும் பென்சிலும் போதும்: கொலாக்கோஸ்கி தொடர்வரிசையை எழுதுவது எப்படி?

1, 2 என்ற இரண்டே எண்களை வைத்து, முடிவில்லாமல் நீளும் ஒரு தொடர்வரிசையை எழுதப் போகிறோம். அடுத்து என்ன வரும் என்பதை ஏற்கெனவே எழுதியதே சொல்லிவிடும். ரூஃபஸ் ஓல்டன்பர்கர் 1939-லேயே இதை ஆராய்ந்திருந்தார். ஆனாலும், 1965-ல் இதைப் புதிராகக் கேட்ட வில்லியம் கொலாக்கோஸ்கியின் பெயரே நிலைத்துவிட்டது.

கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டத்துக்கு ஒன்றாக 1, 2, 2 என எழுதுங்கள். ஒரே எண் அடுத்தடுத்து நிற்பதைக் கொத்து என்போம். இங்கே ஒரு 1 முதல் கொத்து. இரண்டு 2 அடுத்த கொத்து.

அப்புறம் இடது கை விரலை மூன்றாம் கட்டத்தில் வையுங்கள். அங்கே இருப்பது 2. கடைசியாக எழுதியதும் 2 என்பதால், இப்போது 1-இன் முறை. எத்தனை 1? விரலடியில் இருப்பதுபோல் இரண்டு.

1, 2, 2, 1, 1

விரலை ஒரு கட்டம் நகர்த்துங்கள். 1 இருக்கிறது, ஆகவே ஒரே ஒரு 2. மறுபடி நகர்த்தினால் இன்னொரு 1. ஆகவே ஒரு 1. அடுத்தது 2, ஆகவே இரண்டு 2.

1, 2, 2, 1, 1, 2, 1, 2, 2

பழகும்போது பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். விரலடியில் 2 இருந்தால் 2-ஐயே எழுதக் கை போகும். விரல் காட்டுவது எத்தனை என்பதை மட்டுமே. எதை எழுதுவது என்பது பென்சில் பக்கத்து வேலை: 1, 2 என மாறி மாறி வர வேண்டும், அவ்வளவுதான்.

விரல் பென்சிலை எட்டிப் பிடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். விரல் ஒரு கட்டம் நகர்ந்தால் பென்சில் குறைந்தது ஒரு கட்டமாவது நகரும். 2 வரும்போதெல்லாம் இடைவெளி ஒன்று கூடும்.

விரல் ஒன்பதாம் கட்டத்தின் வேலையையும் முடித்ததும் வரிசை இப்படி இருக்கும்:

1, 2, 2, 1, 1, 2, 1, 2, 2, 1, 2, 2, 1, 1

சரிபார்க்க, கொத்துகளுக்கு இடையே கோடு போட்டு ஒவ்வொன்றின் நீளத்தையும் கீழே எழுதுங்கள்: 1, 2, 2, 1, 1, 2, 1, 2, 2. நாம் எழுதிய வரிசையின் தொடக்கமே திரும்பி வருகிறது! இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

இனி 1-களை எண்ணுங்கள். 14 எண்களில் ஏழு. 20 வரை எழுதினால் பத்து. நெடுந்தூரம் போனால் 1-களின் விகிதம் சரிபாதியை நெருங்குமா? அது 0.50084-ஐத் தாண்டி நிலைக்காது என்று வாஷெக் ஹ்வாடால் நிறுவியிருக்கிறார். சரிபாதிதான் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை.