வீட்டு வேலைக்கு ஒரு மெய்நிகர் அலுவலகம்: டிஸ்கோர்ட்டில் அமைக்கும் முறை

கோண்டாவிலில் ஒருவர், நெல்லியடியில் ஒருவர், சாவகச்சேரியில் இருவர் என்று வீடுகளில் இருந்து வேலை செய்யும் குழுவுக்கு வட்ஸ்அப் மட்டும் போதாது. இப்போது யாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், யாரைக் குழப்பக்கூடாது என்பது அதில் தெரியாது. டிஸ்கோர்ட் என்பது குழுவாகக் கதைக்கவும் எழுதவும் உதவும் செயலி. அதன் குரல் சனல்கள் எந்நேரமும் திறந்திருக்கும் அறைகள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலேயே தெரியும். அழைப்பு எடுக்காமலே உள்ளே போய்க் கதைக்கலாம். காசும் இல்லை.

படி 1: சேர்வர்

லப்டொப்பில் செயலியை நிறுவுங்கள். இடது ஓரத்துக் கூட்டல் குறியை அழுத்தி, சொந்த சேர்வர் (உங்கள் குழுவுக்கான தனி இடம்) ஒன்றை உருவாக்கிப் பெயர் வையுங்கள். மற்றவர்களை உள்ளே சேர்க்க அனுப்பும் லிங்க் வழமையாக 7 நாளில் காலாவதியாகும். அதை நிரந்தரமாக்க வேண்டாம். லிங்க் கை மாறினால் வெளியாட்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

படி 2: அறைகள்

நான்கு குரல் சனல்கள் தாராளம்: வேலை அறை, கூட்ட அறை, இருவர் அறை, வெளியே. இருவர் அறையின் செட்டிங்ஸில் ஆள் எல்லையை 2 ஆக்குங்கள். சேர்வர் நிர்வாகியைத் தவிர மூன்றாமவர் இடையில் நுழைய முடியாது. 'வெளியே' என்பதை, அசையாதிருப்பவர்கள் தானாகப் போய்ச் சேரும் சனலாக சேர்வர் செட்டிங்ஸில் தெரிவு செய்து, நேரத்தை 1 மணித்தியாலமாக வையுங்கள். அந்தச் சனலில் யாரும் கதைக்க முடியாது. அரட்டைக்கென்று வைத்த அறையை இதற்குத் தெரிவு செய்துவிட்டு, மைக் பழுது என்று தேடுபவர்கள் பலர்.

யார் எத்தனை மணிக்கு அறைக்குள் வந்தார் என்று கணக்கெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லோரும் மைக்கை மூடிவிட்டுப் பேருக்கு இருப்பார்கள். கேள்வி கேட்க ஆள் இருக்காது.

படி 3: சத்தம்

அதிகம் பிழைப்பது இங்கேதான். எதிரொலி வந்தால், அதைக் கேட்பவரின் கருவியில் பெரும்பாலும் பிழை இல்லை. கேட்பவருடைய குரல்தான் இன்னொருவரின் ஸ்பீக்கரில் இருந்து அந்த இன்னொருவரின் மைக்குக்குள் போய்த் திரும்பி வருகிறது. ஆகவே எதிரொலி கேட்காதவரைத் தேடிப் பிடித்து ஹெட்செட் போடச் சொல்லுங்கள்.

இரைச்சல் குறைப்பு மின்விசிறிச் சத்தத்தை நன்றாக அடக்கும். கோவில் ஒலிபெருக்கிப் பாட்டு அப்படியல்ல. அதுவும் மனிதக் குரல் என்பதால் தப்பி வந்துவிடும். திருவிழாக் காலத்தில், விசையை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும் முறைக்கு மாறுங்கள். விசையாக எழுத்து எதையும் வைக்காதீர்கள், தட்டச்சு செய்யும்போதெல்லாம் மைக் திறக்கும். F8 நல்லது. பிரவுசரில் இந்த விசை டிஸ்கோர்ட் பக்கம் முன்னால் இருந்தால்தான் வேலை செய்யும். செயலியை நிறுவச் சொன்னது இதற்காகத்தான்.

டேட்டா பற்றிப் பயப்பட வேண்டாம். 64 கிலோபிட் வேகத்தில் ஒருவர் இடைவிடாமல் ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் சுமார் 29 மெகாபைட். 1 மெகாபிட் வீடியோவுக்கு அதே நேரத்தில் 450 மெகாபைட் போகும். கமராவைக் கூட்ட அறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கரண்ட்

கரண்ட் போனால் லப்டொப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கு ஒரு சிறிய டிசி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் பற்றரிப் பெட்டி) வாங்குங்கள். முதலில் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றைப் பாருங்கள்: 12 என்றால் யூபிஎஸ்ஸும் 12 வோல்ற் தர வேண்டும், அம்பியர் குறையக்கூடாது. பிளக்கின் நேர், எதிர் முனைகளும் பொருந்த வேண்டும்.

பெட்டியில் உள்ள 8800 மில்லி அம்பியர் மணி என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 3.7 வோல்ற் பற்றரிக் கணக்கு. சுமார் 32 வாற் மணிதான் வரும். 12 வாற் எடுக்கும் ரவுட்டர் அதில் ஓடக்கூடியது, இழப்பையும் கழித்தால், இரண்டு மணித்தியாலம் மட்டில். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும்.

படி 5: நேரம்

இலண்டனுடன் வேலை என்றால், அங்கே காலை 9 மணி என்பது கோடையில் இலங்கையில் எங்களுக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்களின் கடிகாரம் மாறும். கூட்ட அறையின் பெயரிலேயே இரண்டு நேரத்தையும் எழுதி, அந்த இரு நாட்களிலும் திருத்திவிடுங்கள்.