மடுவத்துச் சாதனம் ஓடுகிறதா? ஒஃபீஸிலிருந்தே பார்க்கும் வழி

தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்கில் (மேல் பிரிவில்) கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசோடு ஒரு ராஸ்பெரி பை (சிறு கொம்பியூட்டர்), பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் அளக்க இன்னொன்று, பம்ப் ஹவுஸில் மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். இவை ஓடுகின்றனவா என்று பார்க்க அடைமழையில் யாரும் மேடு ஏற வேண்டியதில்லை. பைதன் நிரல்மொழியும், எம்கியூடிடி (சாதனங்கள் சிறு செய்திகளை அனுப்பிக்கொள்ளும் முறை) பேசும் பாஹோ என்ற லைப்ரரியும் போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தருகிறோம்; அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ப்ரோக்கர்

எம்கியூடிடியில் சாதனங்கள் நேருக்கு நேர் பேசாது. நடுவில் ப்ரோக்கர் என்ற மென்பொருள் செய்தியை வாங்கி, கேட்பவருக்குக் கொடுக்கும். ஒஃபீஸ் கொம்பியூட்டரில் மொஸ்கிட்டோ ப்ரோக்கரைப் போடுங்கள். அதை யூபிஎஸ்ஸில் வைப்பது நல்லது.

முதல் தடை இங்கேதான். 2.0 பதிப்பிலிருந்து மொஸ்கிட்டோவை அமைக்காமல் விட்டால், அதே கொம்பியூட்டருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். மடுவத்திலிருந்து இணைக்கும்போது 'கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட்' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கொன்ஃபிக் கோப்பில் 'லிஸனர் 1883' (1883 எம்கியூடிடியின் வழக்கமான போர்ட் எண்) என்று ஒரு வரியும், 'பாஸ்வேர்ட்_ஃபைல்' என்று கடவுச்சொல் கோப்பின் இடத்தைக் காட்டும் வரியும் சேர்த்து, மறுபடி தொடக்குங்கள். கடவுச்சொல் இல்லாமல் எல்லோரையும் உள்ளே விடும் குறுக்குவழி இருக்கிறது, வேண்டாம்.

சிம் போட்ட டொங்கிளில் இணையம் எடுத்து ஓடும் சாதனத்துக்கு ஒஃபீஸ் ப்ரோக்கர் நேரே எட்டாது. அதற்கு விபிஎன் (இணையத்தின் ஊடாகப் பாதுகாப்பான தனிப் பாதை) போடுங்கள். 1883ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

சாதனத்தின் பக்கம்

புதிய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் லைப்ரரிகளைப் போடும் பிப் கட்டளையை நேரே கொடுத்தால் மறுக்கும். முதலில் வென்வ் என்ற தனிப் பைதன் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் 'பாஹோ-எம்கியூடிடி'யைப் போடுங்கள். பழைய பாடங்களிலிருந்து எடுத்த நிரல் 'அன்சப்போர்ட்டட் கோல்பேக் ஏபிஐ வெர்ஷன்' என்று நின்றுவிடலாம். பாஹோ 2.0 முதல் கிளையன்ட் (ப்ரோக்கரோடு இணையும் பகுதி) உருவாக்கும்போது 'கோல்பேக்ஏபிஐவெர்ஷன்.வெர்ஷன்2' என்பதை முதலில் கொடுக்க வேண்டும். அப்போது, இணைப்பு கிடைக்கும் ஒவ்வொரு முறையும் பாஹோ தானாக ஓட்டும் 'ஒன்_கனெக்ட்' செயல்பாடு ஐந்து மதிப்புகளை வாங்கும்.

எம்கியூடிடியில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் போகும். தலைப்புகள் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தும் அடங்கும் குறியீட்டு முறை) என்பதால் தமிழிலேயே வைக்கலாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு:

தோட்டம்/மடுவம்/இணைப்பு
தோட்டம்/மடுவம்/நலம்

'இணைப்பு' தலைப்புக்குத்தான் 'வில்' வேண்டும். சாதனம் சொல்லாமல் அறுந்துபோனால், அதன் சார்பில் ப்ரோக்கர் வெளியிடும் செய்தி அது. 'வில்_செட்' கட்டளையில் இந்தத் தலைப்பு, 'இல்லை' என்ற செய்தி, கியூஓஎஸ் 1 (செய்தி ஒருமுறையாவது போய்ச் சேர வேண்டும் என்பது), ரிடெய்ன் ட்ரூ (கடைசிச் செய்தியை ப்ரோக்கர் வைத்திருந்து, பிறகு கேட்பவருக்கும் கொடுப்பது) ஆகியவற்றைக் கொடுங்கள். இதை 'கனெக்ட்'டுக்கு முன்பே எழுத வேண்டும். பின்னால் எழுதினால் அந்த இணைப்புக்குச் சேராது. பிறகு 'ஒன்_கனெக்ட்'டுக்குள் அதே தலைப்பில் 'உண்டு' என்று ரிடெய்னோடு வெளியிடுங்கள். வெளியே எழுதினால், சிக்னல் போய் வந்ததும் சாதனம் ஓடிக்கொண்டிருக்க, ஒஃபீஸ் திரையில் 'இல்லை' என்றே நிற்கும். கடைசியில், செய்திப் போக்குவரத்தைப் பின்னணியில் நடத்தும் 'லூப்_ஸ்டார்ட்'. இதை மறந்தால் பிழை எதுவும் வராது, 'உண்டு' செய்தியும் போகாது.

சோதிக்கும்போது 'டிஸ்கனெக்ட்' கட்டளையால் நிறுத்தினால் 'இல்லை' வராது. முறையாக விடைபெற்ற சாதனத்தின் வில்லை ப்ரோக்கர் எறிந்துவிடும். பையின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். கீப்அலைவ் (சாதனம் மௌனமாக இருக்கக்கூடிய அதிகபட்ச நேரம்) 60 விநாடி என்றால் ப்ரோக்கர் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி காத்திருந்துதான் 'இல்லை' என்னும். பெக்டரிக்குள் 20 வைக்கலாம். சிக்னல் தள்ளாடும் கணக்குகளில் 60தான் சரி.

'நலம்' தலைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை, ரிடெய்ன் இல்லாமல், ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் முறை) வடிவில் சிபியு வெப்பநிலையையும் மின்னழுத்த நிலையையும் அனுப்புங்கள். மின்னழுத்தத்துக்கு 'விசிஜென்கமாண்ட் கெட்_த்ரொட்டில்ட்' கட்டளை (கமாண்ட் என்பதை சிஎம்டி என்று சுருக்கி அடிக்க வேண்டும்). விடை 0எக்ஸ்0 என்றால் குறையில்லை. 0எக்ஸ்50000 என்றால், பை எழுந்த பிறகு எப்போதோ மின்னழுத்தம் தாழ்ந்து வேகமும் குறைந்திருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமும் அப்படித்தான். ஃபோன் சார்ஜரும் மெல்லிய நீள வயரும் போட்ட இடங்களில் இதைப் பார்க்கலாம். சார்ஜரை மாற்றாமல் நிரலைத் திருத்திப் பயனில்லை.

ஒஃபீஸ் பக்கம்

இன்னொரு பைதன் நிரல், 'ஒன்_கனெக்ட்'டுக்குள் 'தோட்டம்/+/இணைப்பு', 'தோட்டம்/+/நலம்' இரண்டுக்கும் (+ என்பது எந்தச் சாதனப் பெயருக்கும் பொருந்தும்) சப்ஸ்க்ரைப் செய்து, 'லூப்_ஃபொரெவர்'ரில் ஓடட்டும். செய்தி பைட்டுகளாக வரும். யூடிஎஃப்-8 என்று டிகோட் செய்யுங்கள். தலைப்பைச் சாய்கோட்டில் பிரித்தால் நடுவில் நிற்பது சாதனத்தின் பெயர்.

'உண்டு' என்று வந்துவிட்டதே என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. கரண்ட் போய் ப்ரோக்கரும் விழுந்தால், வில்லை வெளியிட ஆளில்லை. ப்ரோக்கர் எழும்போது வட்டில் சேமித்திருந்த பழைய 'உண்டு'வையே தூக்கிக் கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு சாதனத்தின் கடைசி 'நலம்' செய்தி ஒஃபீஸுக்கு வந்த நேரத்தையும் டிக்‌ஷனரியில் வையுங்கள். 100 விநாடிக்குள் புதியது வராவிட்டால் 'உண்டு' என்றிருந்தாலும் 'சந்தேகம்' என்று காட்டுங்கள். சாதனம் அனுப்பும் நேரத்தை நம்ப வேண்டாம். ராஸ்பெரி பை 4 வரையுள்ள பலகைகளில் கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் வந்ததும் இணையம் கிடைக்கும்வரை தவறான நேரம் காட்டும்.

மூன்று பைகளுக்கும் ஒரே எஸ்டி கார்டைப் பிரதி எடுத்திருந்தால், ப்ரோக்கர் சாதனத்தை அடையாளம் காணும் கிளையன்ட் ஐடியும் ஒன்றாகவே இருக்கும். ஒன்று நுழைந்ததும் ப்ரோக்கர் மற்றதை வெளியேற்றும்; வெளியே போனது திரும்ப நுழையும். 'உண்டு', 'இல்லை' என்று ஒஃபீஸ் திரை மாறி மாறித் துடித்தால் சிக்னலைக் குறை சொல்லுமுன் ஐடிகளைப் பாருங்கள். ஹோஸ்ட்நேமும் (நெட்வேர்க்கில் பையின் பெயர்) பிரதியாகியிருக்கும் என்பதால், ஐடிக்குப் பையின் சீரியல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.