போர் தண்ணீரைக் காய்ச்சினால் மட்டும் போதாது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் குடிப்பவர்கள், "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், அளவு மீறினால் பல்லைக் கெடுக்கும் ஃபுளூரைடு என்ற உப்பு போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அது செறிவுதான் ஆகும்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்பு. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடை நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது, சோதித்தே ஆகவேண்டும். மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். ஃபுளூரைடு சோதனைக்குக் கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக்கே நல்லது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. போரை ஆழப்படுத்தினால் மறுபடி சோதியுங்கள்.

அளவு கூடினால் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது மழைநீரைச் சேமியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர்! முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். மழைநீரைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

பிள்ளைகளின் முன்பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால், இந்த வாரமே நீர் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.