ராணுவக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் ஹைஸ்கூலுக்கு வரும்போது

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வந்துவிடும். அவர்களுடைய பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் ஆறிலிருந்து ஒன்பது முறை பள்ளி மாறுவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்றாம் வகுப்பில் மாறினால் விளையாட ஆள் கிடைத்தால் போதும், பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். ஹைஸ்கூலில் அப்படி இல்லை, ஏனென்றால் கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் புள்ளி), ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), விளையாட்டு டீம், காலேஜ் விண்ணப்பம் என்று அங்கே எல்லாமே ஒரே பள்ளியில் நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கிறவரை மனதில் வைத்து அமைத்தவை.

இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ராணுவத் தளத்துக்குள் இருக்கிற பள்ளியில்தான் படிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் படிப்பது சாதாரணப் பொதுப் பள்ளிகளில். நார்ஃபோக், சான் டியாகோ, கொலராடோ ஸ்பிரிங்ஸ், கில்லீன் மாதிரி பெரிய தளங்கள் இருக்கிற ஊர்களில் பள்ளிகளுக்கு இது பழகிய விஷயம். ஆனால் நேஷனல் கார்டு, ரிசர்வ் (வழக்கமாக வேறு வேலையில் இருந்து, அழைத்தால் ராணுவப் பணிக்குப் போகிறவர்கள்) குடும்பங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. பக்கத்தில் தளமே இல்லாத ஊரில், வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா கடல் கடந்து போயிருக்கிறார் என்பது ஆசிரியருக்கே தெரியாமல் ஒரு செமஸ்டர் போய்விடும்.

ஆசிரியர், கவுன்சலர், பெற்றோர் சங்கத்தில் இருப்பவர், பக்கத்து இருக்கைக்குப் புதிதாக ஒருவர் வரப்போகிற மாணவர் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "அவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்ற பேச்சைப் போலக் கெடுதல் செய்வது வேறு எதுவும் இல்லை. அவர்களுக்குப் பழகியது பெட்டி கட்டுவது. உங்கள் பள்ளியில் ஏ-டே, பி-டே (ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறும் பாட அட்டவணை) என்றால் என்ன, கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடத்தை எந்த ஆப்பில் போடுகிறார், சாப்பாட்டு நேரத்தில் எந்த மேஜையில் யார் உட்காருவார்கள் என்பதெல்லாம் ஒன்பதாவது முறை மாறினாலும் புதிதுதான்.

காகிதங்களில் இருந்து ஆரம்பியுங்கள்

நட்பு, அரவணைப்பு எல்லாம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் நிம்மதியை முதல் வாரத்திலேயே குலைப்பது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பட்டியல்தான். ஒரு உதாரணம் பாருங்கள். சில பள்ளிகளில் ஒரு நாளைக்கு நான்கே பாடம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், அதனால் ஒரு வருடப் பாடம் ஒரே செமஸ்டரில் முடிந்துவிடும். வேறு பள்ளிகளில் ஏழு பாடம், எல்லாமே ஆகஸ்டிலிருந்து மே வரை ஓடும். முதல் வகைப் பள்ளியில் டிசம்பருக்குள் வேதியியலை முழுதாக முடித்த பையன் ஜனவரியில் இரண்டாவது வகைப் பள்ளிக்கு வந்தால், முடித்த பாடத்தின் பின்பாதியில் அவனை மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். அல்ஜீப்ரா 2-ஐப் பாதி படித்துவிட்டு வருகிற பெண்ணுக்குப் புதுப் பள்ளியில் ஜனவரியில் அல்ஜீப்ரா 2 முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும், அல்லது அந்த செமஸ்டரில் அந்தப் பாடமே இருக்காது. படித்ததை அரை கிரெடிட்டாக எழுதி, மீதியை ஆன்லைனில் முடிக்க வழி செய்யலாமா என்று கவுன்சலர் உட்கார்ந்து யோசித்தால் தீர்ந்துவிடும். யோசிக்க ஆள் இல்லாவிட்டால், "இப்போதைக்கு ஸ்டடி ஹாலில் இரு" (பாடம் நடக்காமல் தானே படிக்கும் நேரம்) என்று சொல்லிவிடுவார்கள், அந்த இப்போதைக்கு மே மாதம் வரை நீளும்.

இதற்காகவே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ராணுவக் குடும்பப் பிள்ளைகளின் கல்விக்கான மாநிலங்களுக்கு இடையேயான ஒப்பந்தம், சுருக்கமாக மிலிட்டரி காம்பாக்ட். 2008-ல் நடைமுறைக்கு வந்தது, இப்போது 50 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டமாக இருப்பதால் பொதுப் பள்ளிகள் அதன்படி நடக்கவேண்டும், தனியார் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது. முழுநேரப் பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளோடு, பணிக்கு அழைக்கப்பட்ட நேஷனல் கார்டு, ரிசர்வ் வீரர்களின் பிள்ளைகளும் இதில் வருவார்கள். பணியில் இறந்தவர்கள், படுகாயமடைந்து பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வரை இது செல்லும்.

அதில் ஹைஸ்கூலுக்கு முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பழைய பள்ளியிலிருந்து அதிகாரப்பூர்வப் பதிவேடு வரும் வரை காக்க வைக்காமல், பெற்றோர் கையில் கொண்டுவரும் நகலை வைத்தே சேர்த்து வகுப்பும் கொடுக்கவேண்டும். புதுப் பள்ளி கேட்டால் பழைய பள்ளி பத்து நாளுக்குள் பதிவேட்டை அனுப்பவேண்டும். தடுப்பூசி ஏதாவது விட்டுப்போயிருந்தால் 30 நாள் அவகாசம் உண்டு. அங்கே ஹானர்ஸ், ஏபி, ஐபி என்ற கூடுதல் கடினமான வகுப்பில் இருந்தவரை, அந்த வகுப்பு இங்கே இருந்தால், முதலில் அதிலேயே வைக்கவேண்டும். சரிப்படுமா என்று பிறகு சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்) உள்ள மாணவருக்கு அதில் எழுதியிருக்கிறதற்கு இணையான உதவிகள் ஆரம்பத்திலிருந்தே கிடைக்கவேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. பள்ளி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல் போவதுண்டு, அதனால் ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பேசிப் பார்த்தும் நகராவிட்டால் ராணுவத் தளத்தில் ஸ்கூல் லியாசன் என்று ஒருவர் இருப்பார், குடும்பத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் பேசுவதே அவர் வேலை. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த உடனே போகப்போகிற ஊரின் லியாசனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடும் பெற்றோர் பிற்பாடு வரும் பல தலைவலிகளைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

பள்ளி செய்யவேண்டிய சின்ன விஷயம், சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் ராணுவத்தில் இருக்கிறார்களா என்ற கேள்வியைத் தெளிவாக வைப்பது. 2015-ல் வந்த மத்தியக் கல்விச் சட்டம் இந்தத் தகவலைச் சேகரிக்கச் சொல்கிறது. ஆனால் அந்தத் தகவல் கணினியிலேயே தூங்கினால் என்ன பயன்? கவுன்சலர் அதைப் பார்க்கவேண்டும், வகுப்பாசிரியருக்குச் சொல்லவேண்டும், அதுவும் குடும்பத்தைக் கேட்டுவிட்டு.

முதல் நாள்

முதல் நாளில் எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை மதியச் சாப்பாடு. நான் பார்த்த ஒரு பையன், பத்தாம் வகுப்பு, நல்ல உயரம், வகுப்பில் கேள்வி கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வான். சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டை வாங்கிக்கொண்டு கஃபட்டேரியா வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான், அப்புறம் யாரையோ தேடுகிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டே மறுபக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். நூலகத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். அவனுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்ட ஒருவரைக் காலையிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள், ஆனால் அந்த மாணவருக்குச் சாப்பாட்டு நேரம் வேறு.

அதனால் துணைக்கு ஒருவரைப் போடும்போது இருவரின் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சாப்பாட்டு நேரம் கட்டாயம், முடிந்தால் ஒரு வகுப்பாவது பொதுவாக இருக்கட்டும். ஒரு நாள் சுற்றிக் காட்டிவிட்டுக் கைகழுவாமல் இரண்டு வாரமாவது கூட இருக்கட்டும். லாக்கர் பூட்டு எப்படித் திறக்கும், எந்த மாடிப்படியில் கூட்டம் குறைவு, போன் விஷயத்தில் எந்த ஆசிரியர் கறார், பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது, கூட இருக்கிற மாணவர்தான் சொல்லமுடியும். இதையே ஒழுங்காக நடத்த ஸ்டூடன்ட் டூ ஸ்டூடன்ட் என்ற திட்டம் 2004 முதல் இருக்கிறது, மிலிட்டரி சைல்ட் எஜுகேஷன் கோஅலிஷன் என்ற அமைப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. பல மாநிலங்களில் ராணுவக் குடும்பப் பிள்ளைகளை நன்றாகக் கவனிக்கும் பள்ளிகளுக்குப் பர்ப்பிள் ஸ்டார் என்ற அங்கீகாரமும் உண்டு, 2017-ல் ஒஹாயோவில் ஆரம்பித்தது. அதைப் பெற, ராணுவக் குடும்பங்களுக்கு என்று பள்ளியில் ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. அங்கீகாரம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஒருவரை இன்றைக்கே நியமித்துவிடலாம், செலவு கிடையாது.

ஆசிரியர்களுக்கு: எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சொல் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எத்தனையோ பள்ளியில் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் தனியாக இரண்டு நிமிடம் பேசி, அங்கே எந்தப் பாடம் வரை வந்தீர்கள் என்று கேளுங்கள், அது ஆயிரம் மடங்கு உபயோகம்.

டீம், இசைக்குழு, நாடகம்

நட்பு வகுப்பில் கிடைப்பதை விடப் பயிற்சி மைதானத்தில் சீக்கிரம் கிடைக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் ராணுவக் குடும்பங்கள் அதிகமாக இடம் மாறுவது கோடையில், டீம் தேர்வுகள் பல அதற்குள் முடிந்திருக்கும். கடைசித் தேதி போய்விட்டது என்பதற்காகக் கதவைச் சாத்தாமல், தகுதி இருந்தால் வாய்ப்புக் கொடுக்க வழி பார்க்கச் சொல்கிறது அதே ஒப்பந்தம். டீமில் இடம் தருவதாக அது உத்தரவாதம் சொல்லவில்லை, திறமையைக் காட்ட வாய்ப்பு, அவ்வளவுதான். ஆகவே வருவதற்கு முன்பே கோச்சுக்கு ஒரு வீடியோவும், பழைய கோச்சின் நாலு வரிக் கடிதமும் அனுப்பச் சொல்லுங்கள். உடல் பரிசோதனைப் படிவத்தை மறக்கவேண்டாம், அது இல்லாமல் பயிற்சியிலேயே சேர்க்கமாட்டார்கள்.

வீட்டில் ஒருவர் இல்லாதபோது

டிப்ளாய்மென்ட் (குடும்பத்தை விட்டு வெளியே ராணுவப் பணிக்கு அனுப்பப்படுவது) என்பது ஆள் போகிற நாளில் ஆரம்பிப்பதில்லை. போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே வீடு மாறிவிடும். போனபிறகு மூத்த பிள்ளைதான் தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது, சமையல், இரவில் கதவைப் பூட்டியாயிற்றா என்று பார்ப்பது எல்லாம். அந்தப் பிள்ளை முதல் பீரியடில் தூங்கினால் காரணம் சோம்பலாக இருக்காது. திரும்பி வந்தபிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம், பல மாதம் இல்லாதவர் வந்து மறுபடி வீட்டில் சட்டம் போடும்போது பதினாறு வயதுப் பிள்ளைக்கு உரசல் வருவது இயல்பு. போருக்குப் போகிற, விடுப்பில் வருகிற, திரும்பிவந்த பெற்றோரோடு இருக்கக் கூடுதல் விடுப்பு தர பள்ளி மாவட்டத்தின் சூப்பரின்டென்டன்டுக்கு ஒப்பந்தத்தின்படி அதிகாரம் உண்டு, முன்கூட்டியே கேட்டால் நல்லது.

அப்பா எங்கே இருக்கிறார், எப்போது வருவார், ஆபத்தான இடமா என்று கேட்காதீர்கள். சில விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், பதில் சொல்லமுடியாமல் அந்தப் பிள்ளை நெளியும். வகுப்பில் போரைப் பற்றி விவாதம் நடத்தினால் நடத்துங்கள், அது பாடம், ஆனால் அந்தச் செய்தியில் வரும் இடத்தில் தன் வீட்டு ஆள் இருக்கக்கூடிய ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் என்ற நினைவோடு நடத்துங்கள், வெளியே போய் வர விரும்பினால் காரணம் கேட்காமல் விடுங்கள்.

மதிப்பெண் சரிவதை எல்லோரும் கவனிப்போம். எந்தத் தொந்தரவும் தராமல், யாரோடும் ஒட்டாமல், இன்னும் ஒரு வருடத்தில் போகப்போகிறோம், எதற்கு நட்பு என்று இருக்கிற பிள்ளையைத்தான் தவறவிடுவோம். ஆறாவது வாரத்தில் ஒருமுறை கவுன்சலர் கூப்பிட்டுப் பேசவேண்டும், ஏனென்றால் ஆரம்பப் பரபரப்பு அதற்குள் அடங்கியிருக்கும். சில பள்ளிகளுக்கு ராணுவக் குடும்பங்களுக்கென்றே ஆலோசகர்கள் வருகிறார்கள், ராணுவக் குடும்பங்களுக்கான உதவிச் சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் மூலமும் இலவச ஆலோசனை கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தால் காத்திருக்கவே வேண்டாம், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ உடனே அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

பதினொன்று, பன்னிரண்டில் மாறினால்

மாநிலத்துக்கு மாநிலம் பட்டமளிப்பு நிபந்தனைகள் வேறு. வர்ஜீனியாவில் அந்த மாநில வரலாறு சேர்ந்த பாடம் ஹைஸ்கூலில் கட்டாயம், டெக்சாஸில் தனியாகப் பாட முடிவுத் தேர்வுகள். இதே மாதிரிப் பாடத்தை வேறு இடத்தில் முடித்திருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம், மறுத்தால் நியாயமான காரணம் சொல்லவேண்டும் என்கிறது ஒப்பந்தம். கடைசி வருடத்தில் வந்து எப்படியும் நிபந்தனை பூர்த்தியாகாது என்றால், பழைய பள்ளியின் நிபந்தனைகளை முடித்து அங்கிருந்தே டிப்ளமா வாங்கவும் வழி உண்டு. இதையெல்லாம் செப்டம்பரிலேயே பேசிவிடவேண்டும், மார்ச்சில் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் அழுகைதான். தரைப்படையில், பிள்ளை கடைசி வருடம் படிக்கும்போது மாற்றலைத் தள்ளிவைக்கக் கோரும் ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். ஏபி தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் நவம்பரிலேயே வந்துவிடும், இடையில் வருகிறவர் விஷயத்தில் ஏபி பொறுப்பாளரிடம் வந்த நாளே பேசுங்கள்.

காலேஜ் கட்டணத்தில் ஒரு சலுகை: பெற்றோர் முழுநேரப் பணியில் இருக்கும் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் அந்த மாநிலத்தவருக்கான கட்டணமே வாங்கவேண்டும், சேர்ந்தபிறகு குடும்பம் வேறு மாநிலம் போனாலும், தொடர்ந்து படிக்கிற வரை அது மாறாது.

கடைசியாக, அவர்கள் கிளம்பும்போது. கிளம்புவதும் உங்கள் வேலையில் சேர்த்திதான். டிரான்ஸ்கிரிப்ட் நகல், ஒவ்வொரு பாடத்தின் விவரக் குறிப்பு, எந்தப் புத்தகம், எது வரை முடிந்தது, கட்டுரை ஒன்றிரண்டு, ஐஇபி அல்லது 504 திட்டம் (மாற்றுத்திறனாளி மாணவருக்கான வசதிகள்), தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள், வீட்டுச் சாமானோடு லாரியில் போய்விட்டால் வாரக்கணக்கில் கிடைக்காது. பதினொன்றாம் வகுப்பு என்றால், பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய இரண்டு ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரியையும் அந்த ஃபைலிலேயே எழுதிவையுங்கள், முடிந்தால் பிள்ளை கண்ணெதிரில் இருக்கும்போதே கடிதத்தின் முதல் வரைவை எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள்.