பழைய .45 ரிவால்வரைச் சுத்தம் செய்வது எப்படி: துடைக்க வேண்டிய இடமும் தொடக்கூடாத இடமும்

பெரிய தோட்டா போடும் பழைய ரிவால்வர் ஒன்று கைக்கு வந்ததும் யாருக்கும் முதலில் வருகிற ஆசை, அதைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். எனக்கும் வந்தது. பித்தளைச் சாமான் துலக்கும் பாலிஷைத் துணியில் தொட்டு, தோட்டா போடும் சிலிண்டரின் ஒரு பக்கத்தை ஐந்து நிமிடம் தேய்த்தேன், துணி கறுக்கக் கறுக்க அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். போனது அழுக்கில்லை, நூறு வருடம் தாக்குப்பிடித்த நீலப் பூச்சு. இன்றைக்கும் அந்த இடம் மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இதில் எப்படித் துடைப்பது என்பதோடு எங்கே கை வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஸ்மித் அண்ட் வெஸன் 1917 மாடல். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது அதன் ராணுவத்துக்குப் போதுமான 1911 பிஸ்டல்கள் இல்லை. அதனால் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் என்ற இரண்டு கம்பெனிகளும் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பெரிய ரிவால்வரையே அந்தப் பிஸ்டல் சுடும் .45 ஏசிபி தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தன, இரண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேல். பிஸ்டல் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கிடையாது, காலி உறையை வெளியே தள்ள எஜெக்டருக்குப் பிடிமானம் இல்லை. அதற்கு அரைநிலா வடிவத்தில் ஒரு தகட்டுக் கிளிப் செய்தார்கள், ஒரு கிளிப்பில் மூன்று தோட்டா, இரண்டு கிளிப் போட்டால் ஆறு. யோசித்துப் பார்த்தால் ஒரு சின்னத் தகடு ஒரு பெரிய தலைவலியைத் தீர்த்திருக்கிறது. பிறகு 1920-ல் கிளிப்பே தேவைப்படாதபடி தடித்த விளிம்போடு .45 ஆட்டோ ரிம் என்ற தோட்டாவும் வந்தது. உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை என்றால் கீழே உள்ளதில் பெரும்பாலானவை பொருந்தும்.

தொடுவதற்கு முன்

உரிமம், பதிவு எல்லாம் உங்கள் நாட்டுச் சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழசுதானே, அலங்காரப் பொருள்தானே என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள், எது பழம்பொருள் எது ஆயுதம் என்பதை ஒவ்வொரு நாடும் வேறு வேறு விதமாகப் பிரிக்கிறது.

அப்புறம் தோட்டா. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளையும் கண்ணால் எண்ணிப் பார்த்து, பிறகு விரலாலும் தொட்டுப் பாருங்கள். ஸ்மித் என்றால் தாழ்ப்பாளை முன்னால் தள்ள வேண்டும், கோல்ட் என்றால் பின்னால் இழுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தவரே 'காலிதான்' என்று சொல்லிக் கொடுத்தாலும் நீங்கள் ஒருமுறை பாருங்கள். சுத்தம் செய்கிற மேஜையில், ஏன், அந்த அறையிலேயே ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

இன்னொன்று. திறந்த சிலிண்டரை மூடும்போது சினிமாவில் மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி 'சடக்' என்று மூடுவார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துபோகும், பிறகு எதுவுமே நேராக நிற்காது. இடது கைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூடினால் போதும்.

சுடலாமா என்று பார்ப்பது

காலி ரிவால்வரில் ஹாமரை, அதாவது தோட்டாவின் அடியைத் தட்டும் சுத்தியலை, கட்டைவிரலால் மெதுவாகப் பின்னால் இழுங்கள், இழுக்கும்போது இன்னொரு விரலால் சிலிண்டரை லேசாகப் பிரேக் போடுவது மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். ஹாமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹாமர் நின்றுவிட்டது, சிலிண்டர் இன்னும் பூட்டவில்லை என்றால் அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லை, தோட்டா போகிற வழியில் ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் சோம்பேறியாக இருப்பது சகஜம்.

பிறகு சிலிண்டரை மூடி, முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள், கையில் தெரிகிற அளவு ஆட்டம் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு தெரியும், அது ஏறக்குறைய 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. குழலுக்குள் பார்க்க, சிலிண்டரைத் திறந்து குழலின் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சுருள் வரிகள் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே இடத்தில் வளையம் மாதிரி நிழல் விழுந்தால் குழல் அங்கே புடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதில் எதிலாவது சந்தேகம் வந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுட வேண்டாம்.

தோட்டா விஷயத்திலும் கை அடக்கம் வேண்டும். .45 ஏசிபியின் சாதாரண அழுத்தத்துக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கூடுதல் அழுத்தம் என்பதற்குப் பிளஸ் பி என்று போட்டிருப்பதற்கு 23,000. நூறு வருட இரும்புக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை. இன்னொரு ஆபத்து, .455 தோட்டாவுக்காகச் செய்த பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர்கள். போருக்குப் பிறகு பலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி .45 ஏசிபி போகிற மாதிரி மாற்றி விற்றிருக்கிறார்கள். உள்ளே போகிறது என்பதற்காகப் போட்டுச் சுடக்கூடாது, வெப்லி தாங்கும்படி செய்யப்பட்ட அழுத்தம் அதைவிட எவ்வளவோ குறைவு. அதே மாதிரி 1944-க்கு முந்தைய ஸ்மித் ரிவால்வர்களில் இன்று இருக்கும் ஹாமர் தடுப்பு கிடையாது, ஹாமர் தரையில் படும்படி கீழே விழுந்தால் வெடித்துவிடலாம்.

துடைப்பது

தேவையானவை கொஞ்சம்தான்: .45-க்கான வெண்கலப் பிரஷ், கம்பி, பருத்தித் துணித்துண்டுகள், படிந்ததைக் கரைக்கும் சால்வென்ட், மெல்லிய ஆயில், ஒரு பழைய டூத் பிரஷ், கையுறை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெடிப்பு மிச்சத்தில் ஈயம் இருக்கிறது, அதனால் வேலை முடியும்வரை டீ, நொறுக்குத் தீனி எதுவும் பக்கத்தில் வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சுட்டது பழைய ராணுவத் தோட்டாவாக இருந்தால் முதல் வேலை தண்ணீர். ஆமாம், தண்ணீரேதான். அந்தக் காலத்துப் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது, வெடித்த பிறகு அது உப்பாகக் குழலில் படியும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவை வரவழைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, அதன்மேல் ஆயில் போட்டால் உப்பைப் பத்திரமாக மூடி வைத்த கதைதான். சூடான தண்ணீரில் நனைத்த துணியை நாலைந்து முறை குழலிலும் ஆறு அறையிலும் விட்டு எடுத்து, உடனே நன்றாக உலர்த்தி, அதன் பிறகு மற்றதைத் தொடங்குங்கள். இன்றைய தோட்டாவுக்கு இது தேவையில்லை.

குழலில் சால்வென்ட் நனைத்த துணியை விட்டு எடுத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ரிவால்வரில் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கமிருந்துதான் விட முடியும், அதனால் கம்பி அந்த வாய் விளிம்பில் உரசாமல் நடுவில் போகிறதா என்று கவனம் வையுங்கள், விளிம்பு தேய்ந்தால் குறி பிசகும். பிரஷை முழுதாக மறுபக்கம் வரை தள்ளிவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும், பாதியில் திருப்பினால் முள் வளைந்துபோகும். குழலின் பின்முனையில், சிலிண்டரிலிருந்து தோட்டா உள்ளே நுழைகிற அந்த வாயில், ஈயம் சாம்பல் நிறப் பொருக்காகப் படிந்திருக்கும். அங்கே மட்டும் பிரஷைக் கூடுதலாக இரண்டு மூன்று முறை விடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். எஜெக்டர் கம்பியை அழுத்தினால் சிலிண்டரின் பின்பக்கமிருந்து ஒரு நட்சத்திரம் மேலே எழும்பும். அதன் அடிவயிற்றைப் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துணுக்கு, கடுகில் கால்வாசிகூட இருக்காது, ஒன்றே ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் பின்னால் உரசும், டிரிகர் கல்லாகிவிடும். எனக்கு ஒருமுறை முப்பதாவது தோட்டாவில் இப்படி இறுகிப்போனது. ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றே நினைத்துக் கலங்கிப்போய் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனால், அவர் எஜெக்டரை அழுத்தி டூத் பிரஷால் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். அவர் கூலிகூட வாங்கவில்லை, நான்தான் அவர் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். அதனால் நட்சத்திரத்தை எழுப்பிப் பிடித்துக்கொண்டு அதன் அடியிலும் அது உட்காருகிற பள்ளத்திலும் உலர்ந்த டூத் பிரஷால் துடையுங்கள். அங்கே ஆயில் வேண்டாம், ஆயில்தான் துணுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுடும் இடத்திலேயே காலி உறைகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துத் தள்ளினால் துணுக்குகள் உறையோடு கீழே போய்விடும், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

எஜெக்டர் கம்பி இன்னொரு வம்பும் செய்யும். பழைய ஸ்மித்களில் அதன் மரை வலம்புரி, சுடச்சுடத் தானாகவே கழன்று நீண்டு, சிலிண்டரைத் திறக்கவே விடாமல் பூட்டிவிடும். 1960 வாக்கில்தான் இடம்புரியாக மாற்றினார்கள். எனவே துடைக்கும்போதெல்லாம் விரலால் இறுக்கிப் பாருங்கள். பிளையர் வேண்டாம்.

சிலிண்டரைத் தனியாகக் கழற்ற வேண்டுமென்றால் வலப்பக்கத் தகட்டின் முன் ஸ்க்ரூவை மட்டும் எடுத்தால் போதும், சிலிண்டரைத் திறந்து அதன் கையோடு முன்னால் உருவலாம். உருவும்போது சிலிண்டரை மற்றொரு கையால் ஏந்திக்கொள்ளுங்கள், விழுந்தால் வருத்தப்படுவீர்கள். அந்த ஸ்க்ரூவைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், மற்றதோடு கலந்தால் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், வேறொன்றை அங்கே பொருத்தினால் சிலிண்டர் இறுகும். டூல் பெட்டியில் கிடக்கிற ஆப்புமுனைத் திருப்புளி வேண்டவே வேண்டாம், காடியில் கச்சிதமாக நிறைந்து உட்காரும் துப்பாக்கித் திருப்புளியே வேண்டும். காடி கிழிந்த ஸ்க்ரூதான் பழைய துப்பாக்கியின் விலையை முதலில் இறக்குவது.

பக்கத் தகட்டைத் திறக்க வேண்டாம். தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நெம்பித் திறந்தவர்கள் விட்டுப்போன தழும்பைத் தகட்டின் விளிம்பில் எத்தனையோ துப்பாக்கிகளில் பார்த்தாகிவிட்டது. உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று தோன்றினால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். உங்கள் பங்குக்கு ஹாமர் ஓரத்தில் ஒரு துளி, சிலிண்டரின் கை சுழலும் இடத்தில் ஒரு துளி ஆயில், தீர்ந்தது.

வெளிப்பக்கத்துக்கு ஆயில் நனைத்த துணியால் ஒரு தடவு, உலர்ந்த துணியால் ஒரு துடை. சிலிண்டரின் முன்முகத்தில் கறுப்பு வளையங்கள் இருக்கும், அதைப் போக்கியே தீருவேன் என்று கிளம்பாதீர்கள், அடுத்த ஆறு தோட்டாவில் திரும்ப வந்துவிடும். நிக்கல் முலாம் பூசியது என்றால் செம்பைக் கரைக்கும் அம்மோனியா கலந்த சால்வென்ட் ஆகாது, முலாமின் அடியில் செம்புப் படலம் இருந்தால் அதை அரித்து முலாமையே உரித்துவிடும். மரப் பிடியில் சால்வென்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருப் பொட்டு இருந்தால் ஆயில் ஊறவிட்டு, செம்புக் காசின் விளிம்பால் மென்மையாகச் சுரண்டலாம், உப்புத்தாள் கூடவே கூடாது. புதிதாக நீலப் பூச்சு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வைப்பதும் பார்ப்பதும்

தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு உறை படுகிற இடமெல்லாம் துருவேற்றும். மெல்லிய ஆயில் பூச்சோடு, பூட்டிய பெட்டியில், காலியாக. தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். ஹாமரில் பதித்த பழைய ஊசிமுனை உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும், அதனால் காலி அறையில் வெறுமனே டிரிகர் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பழக வேண்டுமென்றால் பொய்த்தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் சும்மா ஐந்து நிமிடம் பாருங்கள். ராணுவத்துக்குப் போனது என்றால் பிடியின் அடியில் கயிறு கட்டும் வளையம் இருக்கும், குழலின் அடிப்பக்கம் அமெரிக்க அரசின் சொத்து என்று பொறித்திருக்கும். பிடியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் சிலிண்டரின் பின்முகத்தில், குழலின் கீழே உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் ஒரு ஆள் கையால் ராவிப் பொருத்திய காலம் அது, அதனால்தான் எல்லாவற்றிலும் ஒரே எண்.

மரப் பிடியைக் கழற்றினால் வலப்பக்கத் துண்டின் உட்புறத்திலும் அதே எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் மங்கிப்போய், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அங்கே துணியே படக்கூடாது. என்னுடையதில் எழுதியிருப்பது வேறு ஏதோ ஒரு துப்பாக்கியின் எண். என் ரிவால்வருக்குச் சொந்தமான பிடி எங்கேயோ யாருடைய கையிலோ இருக்கிறது.